ஈஸ்டரோட வேலையை விட்டுடலாமா அக்கா? இங்கிலாந்து ஸ்கூல்ல முதல் வருஷ டீச்சருக்கு ஒரு பதில்

கேள்வி: அக்கா, எனக்கு 27 வயசு. ஊர்ல எம்எஸ்சி மேத்ஸ் முடிச்சேன், கல்யாணம் ஆகி இங்கிலாந்து வந்து 4 வருஷம் ஆச்சு. இங்க பிஜிசிஈங்கிற டீச்சர் ட்ரெயினிங் பண்ணி, க்யூடிஎஸ்ங்கிற டீச்சர் தகுதி வாங்கி போன செப்டம்பர்ல மிட்லண்ட்ஸ்ல ஒரு செகண்டரி ஸ்கூல்ல சேர்ந்தேன். வாரத்துக்கு 25 பீரியட்ல 22 எனக்கு கிளாஸ், ஆறு கிளாஸ், 170 நோட்டு, ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை எல்லாத்தையும் பச்சை பேனால திருத்தணும். எனக்கு வழிகாட்டியா போட்ட மென்டார் நல்லவங்கதான், ஆனா அவங்களே ஒரு இயருக்கு (ஒரு வகுப்பு முழுசுக்கும்) ஹெட், செப்டம்பர்ல இருந்து மூணு தடவைதான் உக்காந்து பேசிருக்கோம். வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் இயர் 9, 13-14 வயசுப் பசங்க. அதுல ஒரு பையன் நான் பேசுற மாதிரியே பேசிக் காட்டுவான், மொத்த கிளாஸும் சிரிக்கும். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆனா வயிறு வலிக்க ஆரம்பிச்சிடுது, போன வாரம் கார் பார்க்ல உக்காந்து அழுதுட்டுதான் உள்ள போனேன். பிப்ரவரி 28-க்குள்ள லெட்டர் குடுத்தா ஈஸ்டரோட வெளிய வந்துடலாம்னு சொல்றாங்க. வீட்டுக்காரர் உடம்புதான் முக்கியம் விட்டுடுங்கிறார். அம்மா போன்ல, கவர்மென்ட் ஸ்கூல் வேலையை யாராச்சும் விடுவாங்களாங்கிறாங்க. விட்டா க்யூடிஎஸ் போயிடுமா? நான் இந்த வேலைக்கு லாயக்கு இல்லையோன்னு தோணுது.

பதில்:

அக்கானு கூப்பிட்டுட்ட, அதனால நீ வா போன்னே எழுதுறேன்மா. உன் லெட்டரை மூணு தடவை படிச்சேன். முதல் தடவை படிச்சப்போ மனசுதான் கஷ்டமா இருந்துச்சு, ரெண்டாவது தடவை படிக்கிறப்போதான் ஒரு நம்பர் கண்ணுல பட்டுச்சு, நீ அதை ஒரு தகவலா போற போக்குல எழுதிருக்க, ஆனா உன் பிரச்சனையில பாதி அங்கதான் இருக்கு. 22 பீரியட்.

நீ முதல் வருஷ ஈசிடி, அதாவது வேலையோட ஆரம்ப வருஷத்துல இருக்கிற டீச்சர். 25 பீரியட் இருக்கிற ஸ்கூல்ல சாதாரண கிளாஸ் டீச்சருக்கே பிபிஏ டைம் போக 22 பீரியட்தான் வரும், ஏன்னா பாடம் தயார் பண்ண, திருத்த, டீச்சிங் நேரத்துல குறைஞ்சது 10 சதவீதம் எல்லா டீச்சருக்கும் குடுக்கணும். ஈசிடிக்கு அதுக்கும் மேல முதல் வருஷம் இன்னொரு 10 சதவீதம், ரெண்டாவது வருஷம் 5 சதவீதம் குறைக்கணும். இது ஹெட் டீச்சர் இஷ்டப்பட்டா குடுக்குறது இல்ல, புது டீச்சர்ஸோட ஆரம்பப் பயிற்சிக் காலம், அதாவது இண்டக்ஷனோட சட்ட விதி, அகாடமியா (கவுன்சில் கையில இல்லாம தனியா நடக்குற அரசு ஸ்கூலா) இருந்தாலும் இண்டக்ஷன் நடத்துறாங்கன்னா இதேதான். அப்போ உன் டைம்டேபிள்ல 20 பீரியடைத் தாண்டவே கூடாது. அதாவது செப்டம்பர்ல இருந்து வாரத்துக்கு ரெண்டு பீரியட் உன்கிட்ட இருந்து போயிட்டு இருக்கு. ரெண்டு பீரியட்னா கேக்க சின்னதா இருக்கும், ஆனா இதுவரைக்கும் போன வாரத்தையெல்லாம் கூட்டிப் பாரு, நாப்பது மணி நேரம் கிட்ட வரும், அந்த நேரத்தைத்தான் நீ ராத்திரி 11 மணிக்கும் ஞாயித்துக்கிழமையும் உன் தூக்கத்துல இருந்து எடுத்துக் குடுத்துட்டு இருக்க.

உன்னை வேணும்னே ஏமாத்துறாங்கன்னு நான் சொல்ல வரலை. நான் 19 வருஷமா இங்க மேத்ஸ் டீச்சர், அதுல கடைசி ஏழு வருஷமா எங்க ஸ்கூல்ல புதுசா வர்ற டீச்சர்ஸுக்கு இண்டக்ஷன் ட்யூட்டர், அதாவது அவங்க இண்டக்ஷனைப் பாத்து மதிப்பிடுற ஆள். ஜூன் மாசம் டைம்டேபிள் போடுறப்போ ஒரு மேத்ஸ் டீச்சர் திடீர்னு போயிடுவாங்க, ஆள் கிடைக்காது, ரெண்டு கிளாஸ் அந்தரத்துல தொங்கும், அப்போ சத்தம் போடாத ஆள் யாரோ அவங்க தலையில போய் விழும். சத்தம் போடாத ஆள் யாருன்னா எப்பவும் புதுசா வந்தவங்கதான், அதுலயும் வெளிநாட்டுல இருந்து வந்து, வேலை கிடைச்சதே பெருசுன்னு நினைக்கிற நம்ம ஆளுங்க. இதை நான் கண்ணால எத்தனையோ தடவை பாத்துட்டேன்.

அடுத்தது மென்டார். மூணு தடவை. முதல் வருஷம் மென்டாரோட வாரத்துக்கு ஒரு தடவை உக்காந்து பேசணும், ரெண்டாவது வருஷம் ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை, அந்த ப்ரோக்ராமே அப்படித்தான் போட்டிருக்கு. முன்னாடி உன்னை மாதிரி ஆளுங்களை என்க்யூடினு சொல்லுவாங்க, இண்டக்ஷன் ஒரே வருஷம், நானும் அப்படி வந்தவதான். 2019-ல அரசாங்கம் உக்காந்து யோசிச்சுது, ஏன் இப்படி வந்த வேகத்துல போறாங்கன்னு. அப்புறம் 2021 செப்டம்பர்ல இருந்து பேரை ஈசிடினு மாத்தி இண்டக்ஷனை ரெண்டு வருஷம் ஆக்கி, மென்டாரை இண்டக்ஷன் ட்யூட்டர்ல இருந்து பிரிச்சு தனி ஆளா வெச்சாங்க. காரணம் என்னன்னா மார்க் போடுற ஆள்கிட்ட யாரும் மனசு விட்டு அழ மாட்டாங்க, கூட நிக்கிறதுக்குன்னு வேற ஒரு ஆள் வேணும். இவ்வளவும் பண்ணியும் இன்னிக்கும் பத்து பேர்ல ஒருத்தர் முதல் வருஷத்துலயே போயிடுறாங்க, அஞ்சு வருஷத்துல மூணுல ஒரு பங்கு பேர் காணாம போயிடுறாங்க. இதை ஏன் சொல்றேன்னா, நீ கார்ல உக்காந்து அழுதப்போ இந்த நாட்டுல எத்தனையோ கார் பார்க்ல உன்ன மாதிரி ஒரு ஆள் உக்காந்துட்டு இருந்துச்சு. அவங்க எல்லாரும் லாயக்கு இல்லாதவங்களா? கிடையவே கிடையாது. நான் பாத்த வரைக்கும் சீக்கிரம் போறவங்கள்ல பாதிப் பேர் ரொம்ப நல்லா பாடம் நடத்துறவங்க, ஏன்னா அவங்கதான் ஒவ்வொரு கிளாஸும் சரியா வரணும்னு மனசுல போட்டு அரைச்சிக்கிட்டே இருப்பாங்க.

எனக்கு இதுல ஆத்தாமை உண்டு, கொஞ்சம் சொல்லிக்கிறேன். 2025-26 ட்ரெயினிங் வருஷத்துக்கு மேத்ஸ்க்கு வர்றவங்களுக்கு பர்சரி, அதாவது ட்ரெயினிங் உதவித்தொகை, 29,000 பவுண்ட். ஆளைக் கூட்டிட்டு வர்றதுக்கு அவ்வளவு காசு செலவு பண்றாங்க, அப்படி வந்த ஆளு வாரத்துக்கு ஒரு மணி நேரம் உக்காந்து பேச ஒரு மனுஷி இல்லாம போயிடுது. மென்டார் வேலைக்கு ஒரு நல்ல டீச்சரைப் போட்டுட்டு அவங்களுக்கு டைம்டேபிள்ல நேரம் குடுக்கலைன்னா அது மென்டார் போட்ட மாதிரியே இல்லை. இதைப் படிக்கிற யாராச்சும் ஹெட்டாவோ டெபுடியாவோ இருந்தா, தயவுசெஞ்சு உங்க ஸ்கூல்ல மென்டார் மீட்டிங் எந்த பீரியட்ல இருக்குன்னு நாளைக்கே போய்ப் பாருங்க. "லஞ்ச்ல பாத்துக்குவாங்க"ன்னு பதில் வந்தா, அந்த மீட்டிங் நடக்கவே இல்லைன்னு அர்த்தம்.

சரி, நீ கேட்டதுக்கு வர்றேன். க்யூடிஎஸ் போகாது. அது நீ வாங்கின தகுதி, வேலையை விட்டா அதை யாரும் பிடுங்க முடியாது. இண்டக்ஷனும் போகாது, நீ முடிச்ச டெர்ம் கணக்குல இருக்கும், மிச்சத்தை வேற ஸ்கூல்ல தொடரலாம், இத்தனை வருஷத்துக்குள்ள முடிக்கணும்னு கெடு கிடையாது. பாதியில விட்டா ஃபெயில்னு யாராச்சும் பயமுறுத்தினா நம்பாத. ஃபெயில்ங்கிறது வேற, அது இண்டக்ஷன் முடிவுல ஸ்டாண்டர்டு வரலைன்னு தீர்மானம் பண்றது, அப்படி ஆனாத்தான் அரசு ஸ்கூல்ல டீச்சரா வேலை பாக்க முடியாது. நீ அதுக்கு பக்கத்துல கூட இல்ல. ஒரே ஒரு விஷயம், எப்போ விட்டாலும் இடைக்கால அசெஸ்மென்ட் ஒண்ணு எழுதி அனுப்பிட்டுதான் விடச் சொல்லணும், அதை கையோட வாங்காம வந்துட்டா அப்புறம் புது ஸ்கூல்ல நீ முடிச்ச டெர்மை நிரூபிக்க அலையணும்.

இப்போ 28ஆம் தேதி. என் கருத்தை நேரடியா சொல்லிடறேன், ஈஸ்டருக்கு லெட்டர் குடுக்காத. பயந்து சொல்லலை, கணக்கு போட்டு சொல்றேன். அடுத்த கெடு மே 31, அப்போ குடுத்தா ஆகஸ்ட் 31 வரைக்கும் நீ அவங்க ஆள், கோடை லீவு ஆறு வாரத்துக்கும் சம்பளம் வரும். ஈஸ்டரோட போனா சம்பளம் ஏப்ரலோட நின்னுடும். ஜூலை வரைக்கும் இருந்தா மூணு டெர்ம் முழுசா முடியும், மூணாவது டெர்ம் கடைசியிலதான் முதல் முறையான அசெஸ்மென்ட், அதையும் வாங்கிட்டா வேற எந்த ஸ்கூலுக்குப் போனாலும் ரெண்டாவது வருஷத்துல போய் நேரா உக்காந்துக்கலாம். அதோட செப்டம்பருக்கு ஆள் எடுக்குற விளம்பரம் எல்லாம் இப்போல இருந்து மே வரைக்கும்தான் கொட்டும், மேத்ஸ் டீச்சரை இந்த நாட்டுல எங்கயும் வேண்டாம்னு சொல்ல மாட்டாங்க. நீ விடக் கூடாதுன்னு சொல்லலை, விடுறதா இருந்தாலும் இன்னும் மூணு மாசம் டைம் உன் கையில இருக்கு, அதுக்குள்ள உனக்குச் சேர வேண்டியதைக் கேட்டு வாங்கிப் பாருன்னு சொல்றேன். (உன் காண்ட்ராக்ட்ல நோட்டீஸ் தேதி என்னன்னு ஒரு தடவை பாத்துக்க, சில அகாடமில மாறும்.)

இதுக்கு ஒரு விலக்கு உண்டு, அதை அழுத்தமா சொல்லணும். ஞாயித்துக்கிழமை வயித்து வலி, தூக்கம் இல்லை, இது ரெண்டும் ரெண்டு மூணு வாரத்துக்கு மேல இருந்தா ஜிபியை, அதாவது உன் ஏரியா டாக்டரைப் போய்ப் பாரு. "வேலை டென்ஷன்தான்"னு நீயே முடிவு பண்ணிக்காத. அவங்க லீவு எழுதிக் குடுத்தா எடு, வெக்கப்படாத. எஜுகேஷன் சப்போர்ட்னு டீச்சர்ஸுக்குன்னே ஒரு அறக்கட்டளை இருக்கு, 24 மணி நேரமும் போன்ல ஆள் இருப்பாங்க, காசு கிடையாது, ராத்திரி ரெண்டு மணிக்குக் கூட பேசலாம். உடம்பும் மனசும் உடையுற நிலைமைன்னா நான் போட்ட கணக்கு எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு வீட்டுக்காரர் சொல்றதைக் கேளு.

அம்மா சொல்றதுக்கு ஒரு வார்த்தை. நம்ம ஊர்ல கவர்மென்ட் ஸ்கூல் வேலைன்னா டெட் எழுதி, அப்புறம் போட்டித் தேர்வும் எழுதி, பல வருஷம் காத்துக் கிடந்து கிடைக்கிற ஒரு பொக்கிஷம், கிடைச்சா யாரும் விட மாட்டாங்க, அங்க சண்டையே உள்ள போறதுக்குத்தான். இங்க அப்படியே தலைகீழ். உள்ள வர்றது அவ்வளவு கஷ்டம் இல்ல, உள்ள இருக்கிறதுதான் கஷ்டம். இதை அம்மாகிட்ட போன்ல புரிய வைக்கிறது பெரிய வேலை, நானும் முயற்சி பண்ணிருக்கேன். அவங்க பயத்துல சொல்றாங்க, உன் மேல நம்பிக்கை இல்லாம சொல்லலை.

அடுத்த திங்கக்கிழமை என்ன பண்ணணும்னு சொல்றேன். இண்டக்ஷன் ட்யூட்டருக்கு ஒரு மெயில் போடு, நேர்ல பேசினா மட்டும் பத்தாது, எழுத்துல இருக்கணும். கோவமா வேண்டாம், அழுகையும் வேண்டாம். "எனக்கு 22 பீரியட் இருக்கு, முதல் வருஷ ஈசிடிக்கு உள்ள 10 சதவீதக் குறைப்பு என் டைம்டேபிள்ல எங்க இருக்குன்னு காட்ட முடியுமா, மென்டார் மீட்டிங் இதுவரைக்கும் மூணுதான் நடந்திருக்கு, வாரா வாரம் ஒரு பீரியட் ரெண்டு பேர் டைம்டேபிள்லயும் ஃபிக்ஸ் பண்ணித் தர முடியுமா, இந்த வாரத்துல 20 நிமிஷம் பேசலாமா" அவ்வளவுதான். கேள்வியா கேளு, குற்றச்சாட்டா எழுதாத. பல ஸ்கூல்ல இந்த மெயில் ஒண்ணுக்கே ரெண்டு வாரத்துல கிளாஸ் மாறிடும், ஏன்னா அவங்களுக்குத் தெரியும் இது பதிவாகுதுன்னு. ஒரு வாரத்துல பதில் வரலைன்னா ஹெட்டுக்கு, அப்பவும் நகரலைன்னா அப்ரோப்ரியேட் பாடிக்கு, அதாவது ஸ்கூலுக்கு வெளிய இருந்து இண்டக்ஷனை மேற்பார்வை பாக்குற அமைப்புக்கு. ஒவ்வொரு ஈசிடிக்கும் அங்க ஒரு ஆளோட பேரும் தொடர்பும் குடுத்திருக்கணும், செப்டம்பர்ல வந்த பேப்பர்ல தேடிப் பாரு. யூனியன்ல சேர்ந்திருக்கியா? என்இயூவோ என்ஏஎஸ்யூடபிள்யூடியோ எதுவானாலும் சரி, சேரலைன்னா இன்னிக்கே சேரு, மெயில் போடுறதுக்கு முன்னாடி ஸ்கூல் ரெப்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்க. நம்ம பசங்க யூனியன்னா சண்டைக்காரங்கன்னு நினைச்சு தள்ளி நிக்கிறாங்க, எனக்கு அது பெரிய வருத்தம், முதல் வருஷத்துலதான் அது ரொம்ப தேவை.

இப்போ 170 நோட்டு. இதுல கொஞ்சம் விரிவாவே சொல்றேன், ஏன்னா உன் ராத்திரியைத் தின்னுறது இதுதான். ஸ்கூலை ஆய்வு பண்ற ஆஃப்ஸ்டெட் அமைப்பு, இத்தனை நாளைக்கு ஒரு தடவை திருத்தணும், இந்த கலர் பேனால திருத்தணும்னு எங்கயும் கேக்குறது இல்ல, அவங்களே அதை வெளிப்படையா எழுதி வெச்சிருக்காங்க. அரசாங்கம் போட்ட குழுவும் 2016-ல திருத்துறதுல அர்த்தம் இருக்கணும், டீச்சரால முடியணும், பசங்களுக்கு ஊக்கம் வரணும்னு மூணே மூணு அளவுகோல்தான் சொல்லுச்சு. ஆனாலும் பச்சை பேனா பழக்கம் நிறைய ஸ்கூல்ல ஒட்டிக்கிட்டு இருக்கு.

நான் என்ன பண்றேன்னா, ஒரு கிளாஸ் நோட்டு 30-ஐ மேசையில அடுக்கி, எல்லாத்தையும் அந்த ஒரே பக்கத்துக்குத் திறந்து வெச்சுக்குவேன். போன மாசம் இயர் 8 நோட்டு, பிராக்கெட்டை விரிக்கிற கணக்கு, மைனஸ் 3 இன்ட்டு எக்ஸ் மைனஸ் 4. விடை மைனஸ் 3எக்ஸ் பிளஸ் 12 வரணும். வரிசையா புரட்டுறேன், மைனஸ் 12, மைனஸ் 12, இவன் கரெக்ட், மறுபடியும் மைனஸ் 12, ஒரு பொண்ணு பிளஸ் 12 எழுதி அடிச்சுட்டு மைனஸ் ஆக்கிருக்கா. 30-ல 17 பேர் ஒரே தப்பு. இந்த 17 நோட்டுலயும் தனித்தனியா "குறியை கவனி"ன்னு பச்சையில எழுதி என்ன பிரயோஜனம்? அதைப் படிக்கப் போறது மூணு பேர். நான் நோட்டுல ஒண்ணுமே எழுதலை, ஒரு தாள்ல மூணு வரி எழுதிக்கிட்டேன், இந்தத் தப்பு, யார் யாருக்கு, யாருக்கு அடுத்த கணக்கு குடுக்கணும். மொத்தம் 25 நிமிஷம். மறுநாள் முதல் பத்து நிமிஷம் அந்த ஒரு கணக்கை போர்டுல போட்டு, அந்தப் பொண்ணுகிட்ட "நீ முதல்ல பிளஸ் எழுதினியே, ஏன் அடிச்ச?"ன்னு கேட்டேன். அவ சொன்னா, வெளிய மைனஸ் இருக்கு, உள்ளயும் மைனஸ் இருக்கு, அப்புறம் எப்படி பிளஸ் வரும்னு பயந்துட்டேன் மிஸ்னு. கிளாஸே தலையாட்டுச்சு. அந்த பத்து நிமிஷத்துல நடந்தது ஒரு ராத்திரி பூரா திருத்தினாலும் நடந்திருக்காது.

உங்க டிபார்ட்மென்ட் ஹெட்கிட்ட போய், ரெண்டு கிளாஸுக்கு மட்டும் இப்படி ஆறு வாரம் பண்ணிப் பாக்கட்டுமா, தாளை எல்லாம் உங்ககிட்ட காட்டுறேன்னு கேளு. முடியாதுன்னு சொல்ல அவங்களுக்குக் காரணம் இருக்காது. பாடமும் நீ பூஜ்யத்துல இருந்து பண்ணாத, உன் டிபார்ட்மென்ட்ல ஏற்கனவே இருக்கிறதை எடு, இல்லன்னா ஓக் நேஷனல் அகாடமில, ஒயிட் ரோஸ்ல ரெடியா இருக்கு. அழகான ஸ்லைடு பண்றதுக்கு நீ செலவு பண்ற ரெண்டு மணி நேரத்தை, இந்தக் கணக்குல பசங்க எங்க தடுக்கி விழுவாங்கன்னு யோசிக்கிற 15 நிமிஷமா மாத்து.

வெள்ளிக்கிழமை இயர் 9. எனக்கு என் முதல் வருஷம் ஞாபகம் வருது. அது இயர் 8, மழை நாள், லஞ்ச் பூரா உள்ளயே அடைஞ்சு கிடந்த பசங்க. நான் போர்டுல தேதி எழுதிட்டு இருப்பேன், அவங்க முதுகுக்குப் பின்னாடி வந்து கொட்டுவாங்க, பையை எறிவாங்க, ஈர கோட்டை ரேடியேட்டர் மேல போடுவாங்க, நான் திரும்பி ஷ்ஷ்ஷ்னு சொல்றதுக்குள்ள அந்த கிளாஸ் என் கையை விட்டுப் போயிருக்கும். பக்கத்து ரூம்ல ஒரு வயசான அம்மா, 30 வருஷ டீச்சர், அவங்கதான் என் மென்டார். ஒரு நாள் கடைசி பெஞ்ச்ல உக்காந்து பாத்தாங்க. நான் நடுங்கிட்டு இருக்கேன், பத்து குறை சொல்லப் போறாங்கன்னு. அவங்க சொன்னது ஒண்ணே ஒண்ணு, "நாளைக்கு கதவுல நில்லு." அவ்வளவுதான். ஒரு கால் உள்ள, ஒரு கால் வெளிய, ஒவ்வொருத்தர் பேரையும் சொல்லி உள்ள விடு, போர்டுல அஞ்சு சின்ன கணக்கு முன்னாடியே எழுதி வெச்சிடு, வந்த உடனே அவங்களுக்கு வேலை இருக்கணும்னு. மறுநாள் நான் நின்னப்போ அவங்களும் அவங்க கதவுல நின்னாங்க, காரிடார்ல என்னைப் பாத்து தலையாட்டினாங்க. அதுக்கப்புறம் அந்த வருஷம் பூரா அந்த பீரியடுக்கு அவங்க கதவுல நின்னாங்க. நான் இன்னிக்கு வரைக்கும் இந்த வேலையில இருக்கேன்னா அந்தத் தலையாட்டல்தான் காரணம்னு நான் நம்புறேன்.

அதனாலதான் மென்டார் மீட்டிங்கை அவ்வளவு அடிச்சு சொல்றேன். உன் மென்டாரை இயர் 9-க்கு ஒரு பத்து நிமிஷம் வரச் சொல்லு, முழு பீரியட் வேண்டாம், முதல் பத்து நிமிஷம் மட்டும்.

அந்தப் பையன் உன் உச்சரிப்பைக் கிண்டல் பண்றது சேட்டை இல்லம்மா. உன் பேச்சு, உன் ஊர், உன் இனத்தை வெச்சு கேலி பண்றது இனவெறி சம்பவம், ஸ்கூல் அதைப் பதிவு பண்ணி நடவடிக்கை எடுக்கணும். நீ இதை "சமாளிச்சுக்குறேன்"னு விழுங்கிட்டு இருக்கன்னு எனக்குப் புரியுது, நாமெல்லாம் அப்படித்தான் வளந்தோம். அடுத்த தடவை நடந்தா கிளாஸ் நடுவுல வாக்குவாதம் பண்ணாத, சாந்தமா ஆன்-கால்ல இருக்கிற டீச்சரைக் கூப்பிட்டு அவனை வெளிய அனுப்பு, அன்னிக்கே சிஸ்டம்ல அவன் சொன்ன வார்த்தையை அப்படியே எழுது, "மரியாதைக் குறைவு"ன்னு மழுப்பாத, இனரீதியான கேலின்னு எழுது. இயர் ஹெட் அவன் வீட்டுக்குப் போன் பண்ணி, அடுத்த கிளாஸுக்கு முன்னாடி உன் முன்னாடி அவனை உக்கார வெச்சுப் பேசணும், அதைக் கேட்டு வாங்கு. இன்னொண்ணும் பண்ணு, அதே கிளாஸ்ல ஒழுங்கா உக்காந்து வேலை பாக்குற ரெண்டு பசங்க இருப்பாங்க இல்ல, வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவங்க வீட்டுக்குப் போன் பண்ணி, உங்க பிள்ளை இன்னிக்கு நல்லா பண்ணான்னு சொல்லு. ரெண்டு நிமிஷம் ஆகும். மூணு வாரத்துல அந்த கிளாஸ்ல காத்து திரும்புறதை நீயே பாப்ப. அதோட அந்த வாரத்துல கடைசியா நீ பேசின பேச்சு ஒரு சந்தோஷமான பேச்சா இருக்கும், ஞாயித்துக்கிழமை வயித்துக்கு அது ரொம்ப உதவும்.

காசு பத்தி நீ கேக்கலை, இருந்தாலும் சொல்றேன், தெரியாம விட்டுடக் கூடாது. லண்டனுக்கு வெளிய ஆரம்ப சம்பளம் 2025 செப்டம்பர்ல இருந்து 32,916 பவுண்ட், உன் பே ஸ்லிப்போட ஒத்துப் பாத்துக்க. மேத்ஸ், பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, கம்ப்யூட்டிங் டீச்சர்ஸுக்கு முதல் அஞ்சு வருஷம், வசதி குறைஞ்ச பகுதி ஸ்கூல்ல இருந்தா, வருஷத்துக்கு 2,000-ல இருந்து 6,000 பவுண்ட் வரைக்கும் ரிடென்ஷன் இன்சென்டிவ் இருக்கு. உன் ஸ்கூல் லிஸ்ட்ல இருக்கான்னு அரசாங்க சைட்ல பாரு, நாமதான் அப்ளை பண்ணணும், தானா வராது. அதோட ஃப்ளெக்ஸிபிள் வொர்க்கிங் வேணும்னு வேலைக்குச் சேர்ந்த முதல் நாள்ல இருந்தே கேக்குற உரிமை 2024 ஏப்ரல்ல வந்திருக்கு. செப்டம்பர்ல இருந்து வாரத்துக்கு நாலு நாள்னு கேக்கலாம், சம்பளமும் குறையும், இண்டக்ஷனும் மொத்தம் ரெண்டே கால் வருஷம் ஆகும், ஆனா சில பேருக்கு அந்த ஒரு நாள்தான் உயிர் மூச்சு.

இவ்வளவும் கேட்டு, மே மாசம் வரைக்கும் ஒண்ணுமே மாறலைன்னா? அப்போ அந்த ஸ்கூலை விடு, வேலையை விடாத. இந்த ரெண்டையும் ஒண்ணா போட்டுக் குழப்பிக்கிறதுலதான் நிறைய நல்ல டீச்சரை இழந்திருக்கோம். என்கிட்ட வந்த ஒரு பையன், பழைய ஸ்கூல்ல ஒரு வருஷத்துல எட்டு கிலோ குறைஞ்சு வந்தான், டீச்சிங்கே வேண்டாம், கடைசியா ஒரு முயற்சினு வந்தான், இப்போ எங்க ஸ்கூல்ல ஆறாவது வருஷம், அவனே ரெண்டு பேருக்கு மென்டார். அவன்கிட்ட எதுவும் மாறலை, அவனைச் சுத்தி இருந்தது மாறுச்சு.

இன்டர்வியூவுக்குப் போறப்போ நீயும் அவங்களைக் கேளு. கடந்த மூணு வருஷத்துல எத்தனை ஈசிடி வந்தாங்க, அதுல எத்தனை பேர் இன்னும் இருக்காங்க? இந்த ஒரு கேள்விக்கு பதில் சொல்ற முகத்தைப் பாத்தாலே பாதி தெரிஞ்சிடும். இப்போ இருக்கிற ஈசிடி யாரோடயாவது தனியா அஞ்சு நிமிஷம் பேச விடுங்கன்னு கேளு. டிடென்ஷன் யார் நடத்துறாங்கன்னு கேளு, டீச்சரே லஞ்ச்ல உக்காரணுமா இல்ல ஸ்கூலே நடத்துதான்னு. பீரியட் மாறுற நேரத்துல காரிடார்ல ஒரு நடை நட, பெரிய ஆளுங்க வெளிய நிக்கிறாங்களா இல்ல கதவைச் சாத்திட்டு உள்ள இருக்காங்களான்னு பாரு.

உன் விசா வீட்டுக்காரரோட டிபெண்டன்ட்னு நினைக்கிறேன், அப்படின்னா ஸ்கூல் மாறுறதுல பிரச்சனை இல்ல. ஸ்கூலே ஸ்பான்சர் பண்ற விசாவுல இருக்கிறவங்க இதைப் படிச்சா, லெட்டர் குடுக்குறதுக்கு முன்னாடி விசா தெரிஞ்ச வக்கீல்கிட்ட பேசிட்டுதான் எதுவும் பண்ணணும், அவங்க கணக்கே வேற.

திங்கக்கிழமை காலைல கார்ல உக்காந்து அந்த மெயிலை அனுப்பிட்டு இறங்கு. என்ன பதில் வந்துச்சுன்னு எனக்கு எழுது, 28ஆம் தேதிக்கு முன்னாடி வந்தா அன்னிக்கு ராத்திரியே உக்காந்து பதில் போடுறேன். வெள்ளிக்கிழமை கதவுல நில்லு.